ஏரா முறிந்த கப்பல்

2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். புதுக்குடி ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கிப்போட்டார்கள். அந்தரத்தில் ஊஞ்சல் மாதிரி தண்டவாளம் தொங்கும் படத்தைக் கைபேசியில் பார்த்ததும் அக்கா மகன் சொன்ன முதல் வார்த்தை: "மாமா, வாட்டர் செவன்!"

எனக்கும் அதுதான் தோன்றியது. இரண்டு பேருக்கும் ஒரே கிறுக்கு, 'ஒன் பீஸ்'.

'ஒன் பீஸ்' தெரியாதவர்களுக்காக: எய்ச்சிரோ ஓடா 1997-ல் வரையத் தொடங்கிய ஜப்பானியப் படக்கதை. 1999 அக்டோபரில் அனிமேயாகி, 2021 நவம்பரில் ஆயிரமாவது எபிசோடைத் தொட்டது. வைக்கோல் தொப்பி போட்ட லூஃபி, கடற்கொள்ளையர் ராஜாவாகக் கிளம்புகிறான். ஒவ்வொரு தீவிலும் ஒரு நீண்ட கதை. அதை 'ஆர்க்' என்பார்கள் ரசிகர்கள்.

எது சிறந்த ஆர்க் என்ற பேச்சு எங்கள் வீட்டுப் பந்தியில் குழம்பு ஆறும்வரை நடக்கும். பையனுக்கு மரைன்ஃபோர்டுதான். அண்ணன் ஏஸைக் கொலைமேடையிலிருந்து மீட்கப் போகும் பெரும்போர் அது. நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தத் தூத்துக்குடிக் கரையில் பிறந்தவனுக்கு வேறு சில இடங்களில் தொண்டை அடைக்கிறது.

முதலில் ஆர்லாங் பார்க். மீன்மனிதன் ஆர்லாங் ஊரைப் பிடித்து, பெரியவர் தலைக்கு 1,00,000 பெரி, பிள்ளைக்கு 50,000 பெரி என்று வரி போடுகிறான். அந்த ஊர்ப் பெண் பெல்மேர் கையில் இருப்பது ஒரு லட்சத்துச் சொச்சம். பிள்ளைகள் இருப்பதை மறைத்தால் தன் தலைக்குக் கட்டித் தப்பிக்கலாம். வளர்ப்பு மகள்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, தனக்கு இல்லை என்று சொல்லிச் செத்துப்போகிறாள். மகள்கள் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். முத்துக்குளித்த காலத்தில், மூச்சடக்கி எடுத்து வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்ட கரை இது. அந்த வரிக் கணக்கு நமக்குப் புதிதில்லை.

அடுத்து அலபாஸ்டா. அங்கே ஒரு பொடி வருகிறது. அதை எரித்த புகை மேகத்தை உடனே கொட்டவைக்கும். ஆனால் அந்த மழை பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய மழை. தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம் அணை. தூத்துக்குடி ஆலைகளுக்கு இங்கிருந்து தண்ணீர் போன 20 எம்.ஜி.டி. (நாளுக்கு இரண்டு கோடி காலன்) திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் எத்தனை முறை நின்றார்கள்! கடைமடைக்காரனுக்கு அந்தப் பொடியை யாரும் விளக்கிச் சொல்லவேண்டாம். அதே அலபாஸ்டாவில் ராத்திரி முழுக்க மணலைத் தோண்டி, ஈர மணலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் சேர்த்து லூஃபியிடம் கொடுக்கிறாரே டோட்டோ தாத்தா, மணலாகவே மாறும் வில்லனை நனைத்தால் அடிக்கலாம் என்பது அந்தத் தண்ணீரில்தான் விளங்குகிறது.

ஆனாலும் என் முதலிடம் வாட்டர் செவன், அதை ஒட்டிவரும் எனீஸ் லாபி. வருஷந்தோறும் பேரலை வந்து கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கும் கப்பல்கட்டும் ஊர். கடல்மேல் மிதக்கும் தண்டவாளத்தில் ஓடும் ரயில். "சண்டையே கொஞ்சமா உள்ள ஆர்க்கப் போயி முதல்ல வைக்கியளே மாமா!" என்பான் பையன். வாட்டர் செவனின் பாதிக்கு மேல் லூஃபி கூட்டத்தின் பழைய மரக்கப்பலைப் பற்றிய வழக்குதான். 'கோயிங் மெர்ரி'க்கு ஏரா முறிந்துவிட்டது. ஏரா என்றால் அடிமரம். பலகை போனால் மாற்றலாம். ஏரா போனால் அதன்மேல் கட்டுவது வேறு கப்பல். லூஃபி விட்டுவிடலாம் என்கிறான், கூட்டாளி உசோப் முடியாது என்கிறான். நண்பர்கள் அடித்துக்கொண்டு பிரிகிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதுதான் கொடுமை.

தூத்துக்குடியில் உப்பும் வெங்காயமும் ஏற்றி மாலத்தீவு போகும் மரத்தோணிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஓட்டம் முடிந்த தோணியைக் கரையேற்றிப் பலகை பலகையாகப் பிரிக்கும்போது, அதில் போய்வந்த ஆட்கள் பக்கத்தில் வந்து நிற்பது சும்மா வேடிக்கைக்காக இல்லை.

வெள்ளம் பார்த்த நம் ஊர் மாதிரி, ஓடாவின் ஊரும் அடிபட்டிருக்கிறது. அவர் சொந்த ஊர் ஜப்பானின் குமமோத்தோ. 2016-ல் அங்கே பூகம்பம் வந்தபோது அவர் 80 கோடி யென் கொடுத்தார். அந்த மாநிலத் தலைமை அலுவலகத்தின் முன்னால் 2018 முதல் லூஃபி சிலை நிற்கிறது. மற்ற கூட்டாளிகளின் சிலைகள், அடிபட்ட ஊர்களில் ஊருக்கு ஒன்றாக நிற்கின்றன.

குறையும் சொல்லவேண்டும். டிரெஸ்ரோசா ஆர்க் 118 எபிசோடு. ஒரு குத்து விழுவதற்குள் சுற்றி நிற்பவர் எல்லாருடைய முகத்தையும் காட்டும் நம் மெகா சீரியல் வித்தை அதில் அப்படியே இருக்கிறது. ஓட்டிவிட்டுப் பாருங்கள், பாவமில்லை.

ஆனால் மெர்ரியை எரிக்கும் 312-வது எபிசோடுக்கு நேரே போய்விடாதீர்கள். அந்தக் கப்பல் அவர்கள் கைக்கு வருவது 17-ல். அங்கிருந்து ஏறிக்கொள்ளுங்கள்.