ஜிம்முக்குப் போனதும் தூக்கம் போச்சா?

நாகர்கோவிலில் கடையை அடைத்துவிட்டு, இரவு 9 மணிக்கு ஜிம்முக்குப் போகிறவரா நீங்கள்? உடம்பு அசந்திருந்தும் உறக்கம் வராமல் புரள்கிறீர்களா? பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

உறக்கம் வர, உடலின் உள்வெப்பம் மெல்லக் குறைய வேண்டும். கடும் பயிற்சி அதைக் கூட்டுகிறது. இதயத் துடிப்பும் அட்ரினலின் சுரப்பும் ஏறிவிடுகின்றன. அவை தணிய நேரம் பிடிக்கும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 23 ஆய்வுகளை அலசி, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மாலைப் பயிற்சி பொதுவாக உறக்கத்தைக் கெடுப்பதில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடும் பயிற்சியில்தான் சிக்கல்.

காலையில் அண்ணா ஸ்டேடியத்தில் நடக்கலாம், ஓடலாம். இரவுதான் தோது என்றால், மிதமாகச் செய்து, படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். புதியவர்கள் எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டினால், படுக்கையில் புரட்டியெடுக்கும் தசைவலி குறையும்.

பயிற்சிக்கு முன் கட்டன்சாயாவோ, 'ப்ரீ ஒர்க்அவுட்' பொடியோ குடிப்பவர்கள் கவனிக்க: அதிலுள்ள காஃபினில் ஏறக்குறைய பாதி, 5 மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சில வாரங்களாக உறக்கம் வரவில்லையா? குறட்டை, நெஞ்சுப் படபடப்பு இருக்கிறதா? டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.