கடன்பட்டோரைத் தேடி வரும் கடிதங்கள்

கொஞ்ச காலமாக நம் நாட்டில் கடன்பட்டவர்களின் வீடுகளைத் தேடிப் புதுமாதிரியான கடிதங்கள் வந்து கொண்டிருக்கின்றன. தபாலில் வருகின்றன, கைபேசியில் வருகின்றன, பத்திரிகை விளம்பரங்களாகவும் வருகின்றன. வாசகம் ஏறக்குறைய ஒன்றே. உமது பாக்கியில் பெரும்பகுதியை நீக்கித் தருகிறோம், வசூல்காரர் உமது வாசற்படி ஏறாமல் பார்த்துக் கொள்கிறோம், முதலில் ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் போதும் என்பதே அதன் சாரம். தலைப்பில் சர்க்கார் முத்திரையை ஒத்த ஒரு சின்னம் இருக்கும். நடுவே சட்டப் பிரிவுகளின் எண்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். அடியில் யாருடையதென்று விளங்காத ஒரு கையொப்பம் இருக்கும். பாக்கித் தொகையும் விலாசமும் சரியாகவே எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கண்டதும் வீட்டுக்காரர், இவர்கள் ஏதோ அதிகாரம் பெற்றவர்கள்தான் என்று எண்ணி ஏமாறுகிறார்.

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி ரிசர்வ் பாங்கே பொதுஜனங்களுக்கு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கடனைத் தள்ளுபடி செய்து தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள் என்றும், எவ்வித அதிகாரமும் இல்லாமல் ‘கடன் தள்ளுபடிப் பத்திரம்’ கொடுப்பதாகச் சொல்லி ஊழியக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று பணம் வசூலிக்கிறார்கள் என்றும், பாங்கிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று பொய் பரப்புகிறார்கள் என்றும் அவ்வெச்சரிக்கை தெரிவித்தது. இத்தகையவர்களைப் பற்றிப் போலீஸாரிடம் தெரிவிக்கும்படியும் கேட்டுக் கொண்டது.

கடன்பட்டவன் இக்கடிதங்களை ஏன் நம்புகிறான் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அவன் மூடனல்லன். கணக்குப் போடத் தெரிந்தவர்களும், உத்தியோகத்தில் இருப்பவர்களும், கடை வைத்திருப்பவர்களுமே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். கடன் நம் சமூகத்தில் மானத்தோடு பிணைந்திருக்கிறது. தவணை தவறியவன் அதைத் தன் தமையனிடம் சொல்லுவதில்லை, மனைவியிடமும் சொல்லுவதில்லை. பகலெல்லாம் தொலைபேசி அடிக்கிறது; இரவில் தூக்கம் வருவதில்லை. இந்நிலையில், ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று ஒரு கடிதம் சொல்லுமாயின், அவன் அதைப் பிடித்துக் கொள்வதில் ஆச்சரியமென்ன? கம்பெனியின் பெயரும் காகிதத்தின் மினுமினுப்பும் புத்திசாலிகளையும் மயக்கும் என்பதற்கு நம் சென்னை நகரமே சாக்ஷி. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதன் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த எத்தனையோ குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அந்த அனுபவத்திலிருந்தே நம்மவர் 1907-ல் இந்தியன் பாங்கியைத் தோற்றுவித்தார்கள்.

இப்பொழுது கடிதம் எழுதுவோரில் இரண்டு வகையார் உண்டு. முதல் வகையார் வெறும் மோசக்காரர். கட்டணத்தை வாங்கிக் கொண்டு, ஒரு முத்திரைக் காகிதத்தை அனுப்பி, கடன் தீர்ந்தது என்று சொல்லி மறைந்து விடுவார்கள். கடன் கொடுத்தவனைத் தவிர வேறு எவனும் கடனை விட்டுக் கொடுக்க முடியாது என்பது சாமானிய அறிவு. பிராமிசரி நோட்டு என்னிடம் இருக்க, அடுத்த தெருவிலுள்ளவன் அது தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தால் தீர்ந்து விடுமா?

இரண்டாவது வகையார் நிஜமாகவே காரியாலயம் வைத்து, வக்கீல்களையும் அமர்த்தி, சமரசம் பேசுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள். இவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவர்களிற் பலருடைய முறையைக் கவனிக்க வேண்டும். ‘பாங்கிக்குத் தவணை கட்டுவதை நிறுத்திவிடும், அந்தப் பணத்தை எங்களுக்கு மாதந்தோறும் கட்டும், பாக்கி முற்றியபின் பாங்கி இறங்கி வரும், அப்பொழுது குறைந்த தொகைக்கு முடித்து வைப்போம்’ என்பது அவர்கள் சொல்லும் வழி. பாங்கி இறங்கி வரலாம், வராமலும் இருக்கலாம். அதுவரையில் வட்டியும் அபராதமும் ஏறுகின்றன. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றுவிட்டால், பாங்கி அதைச் செயலற்ற கடன் என்று கணக்கில் எழுதுகிறது. கொடுத்திருந்த செக் திரும்பினால் 1881-ம் வருஷத்து மாற்றுமுறி ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படியும், கணக்கிலிருந்து தானே எடுக்கும் தவணை திரும்பினால் 2007-ம் வருஷத்துச் சட்டமொன்றின் 25-வது பிரிவின்படியும் கிரிமினல் வழக்குக்கு இடமுண்டு. கடைசியில் குறைந்த தொகைக்கு முடிந்தாலும், கடன் தகவல் கம்பெனிகளின் ஏட்டில் ‘முழுதும் செலுத்தப்பட்டது’ என்று பதிவாகாது. ‘சமரசத்தில் முடிந்தது’ என்றே பதிவாகும். அந்தப் பதிவு பல வருஷங்கள் நின்று, பிற்காலத்தில் வீட்டுக்கடனோ தொழிற்கடனோ கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். இவற்றையெல்லாம் கடிதம் சொல்லுவதில்லை.

அடமானக் கடனில் ஆபத்து இன்னும் அதிகம். 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தின்படி, வீட்டைக் கைப்பற்றுமுன் பாங்கி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கடன்காரர் எழுத்து மூலம் ஆக்ஷேபம் தெரிவித்தால், 15 நாட்களுக்குள் பாங்கி காரணத்துடன் பதிலளிக்க வேண்டும். பிறகு பாங்கி எடுக்கும் நடவடிக்கை தவறென்று தோன்றினால், 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விவசாய நிலத்தின் மீதுள்ள அடமானத்துக்கு அச்சட்டமே செல்லாது. இவ்வளவு பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால், எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக் கொள்ளும் என்று நம்பி நோட்டீஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவருக்கு அந்த நாட்கள் வீணே கழிந்து விடுகின்றன.

வேறொரு விதமான கடிதமும் உண்டு. அது ஆசை காட்டாமல் அச்சத்தைக் காட்டும். 24 மணி நேரத்தில் கைது செய்யப்படுவீர், இந்த எண்ணுக்கு உடனே பேசிப் பணம் கட்டினால் தப்பலாம் என்று சொல்லும். இதற்குப் பதில் 1980-ம் வருஷத்திலேயே சொல்லப்பட்டு விட்டது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பில், திருப்பிக் கொடுக்கச் சக்தியில்லாத ஏழையை, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைப்பது நியாயமன்று என்று சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தால் கொடுக்க மறுப்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவின்படி, பணத்துக்கான டிக்ரியில் எந்த ஸ்திரீயையும் கைது செய்யக் கூடாது. 60-வது பிரிவின்படி, கைத்தொழிலாளியின் கருவிகளையும் குடியானவனின் ஏர், மாடு முதலியவற்றையும் ஜப்தி செய்யக் கூடாது. வசூல் செய்வோர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைத் தொலைபேசியில் அழைக்கலாகாது என்று ரிசர்வ் பாங்கு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. இவற்றை அறிந்தவன் மிரட்டல் கடிதத்தைக் கண்டு நடுங்க மாட்டான்.

ஆகவே, இத்தகைய கடிதம் கைக்கு வந்தால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அதிலுள்ள எண்ணுக்குப் பேசலாகாது. பாஸ் புத்தகத்திலோ கடன் ஒப்பந்தத்திலோ உள்ள விலாசத்தைக் கொண்டு, கடன் கொடுத்த பாங்கிக்கே நேரில் சென்று, கடிதம் எழுதியவனுக்கு அவர்கள் அதிகாரம் கொடுத்ததுண்டா என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். இரண்டாவது, முன்பணம் கேட்டால் அங்கேயே நிற்க வேண்டும். மூன்றாவது, கையொப்பமிட்ட காகிதம், ஆதார் நகல், கைபேசிக்கு வரும் இரகசிய எண் ஆகிய எதையும் கொடுக்கலாகாது. நான்காவது, சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேசியச் சின்னத்தைத் தனியார் உபயோகிப்பதை 2005-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருப்பதால், அம்முத்திரையே அக்கடிதத்தின் பொய்யைக் காட்டிக் கொடுக்கும். ஐந்தாவது, கடிதத்தைக் கிழித்தெறியாமல் உறையோடு பத்திரப்படுத்த வேண்டும். பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். முதற் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த இயலும்.

உண்மையான உதவி வேண்டுவோருக்கும் வழி உண்டு, அதற்குக் கட்டணமில்லை. பாங்கி மானேஜரிடம் நேரே சென்று, வருமானம் குறைந்த காரணத்தைச் சொல்லித் தவணையை நீட்டும்படி மனுக் கொடுக்கலாம். பாங்கி நியாயமின்றி நடந்து 30 நாட்களில் பதிலும் தராவிடில், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். ஒவ்வொரு ஜில்லாவிலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் எண் 15100. ஸ்திரீகளுக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பாராமலே அங்கே வக்கீல் உதவி கிடைக்கும். வழக்குத் தொடுக்குமுன்பே லோக் அதாலத்தில் சமரசம் செய்து கொள்ளலாம். அங்கே செய்யும் முடிவு கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் இல்லை. கம்பெனிக்காரன் கட்டணம் வாங்கிக் கொண்டு செய்வதாகச் சொல்லும் சமரசத்தையே இங்கே தம்பிடிச் செலவில்லாமல் செய்து கொள்ளலாம்.

கடன் நிவாரணம் என்பதை நாம் எதிர்ப்பதாக எவரும் எண்ண வேண்டாம். வட்டியின் கொடுமையை எதிர்த்துப் போராடியது தேசிய இயக்கம். ராஜாஜி மந்திரிசபை 1938-ல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அசலுக்கு இரட்டிப்பாகச் செலுத்தி விட்டவனுடைய கடன் முழுதும் தீர்ந்ததென்று அச்சட்டம் விதித்தது. 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சர்க்கார் கூட்டுறவுச் சங்கங்களில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதைச் சட்டசபையிலேயே அறிவித்தது. மெய்யான நிவாரணம் இவ்வாறு எல்லோருக்கும் தெரியச் சட்டமாகவோ உத்தரவாகவோ வருமேயன்றி, ஆளுக்கு ஒரு கடிதமாக இரகசியத்தில் வருவதில்லை.

இந்தக் கம்பெனிகளிற் சில, தம் தொழிலுக்கு ‘கடன் விடுதலை இயக்கம்’ போன்ற பெயர்களைச் சூட்டி, தேசத் தொண்டர்களின் உதவியையும் நாடக் கூடும். தொண்டர்கள் இங்கே எச்சரிக்கையாயிருத்தல் அவசியம். 1928-ல் பர்தோலியின் குடியானவர்கள் 22 சதவிகித வரி உயர்வைக் கொடுக்க மறுத்தார்கள். அதைப் பகிரங்கமாகச் சொல்லி மறுத்தார்கள். ஜப்தியையும் நஷ்டத்தையும் தாங்களே ஏற்றார்கள். வல்லபபாய் பட்டேல் அவர்கள் நடுவே நின்றார். இங்கோ கஷ்டம் முழுதும் கடன்பட்டவனுக்கு. கட்டணம் முழுதும் கம்பெனிக்கு. இதைச் சத்தியாக்கிரகத்தின் பெயரால் அழைப்பது அப்பெயருக்கே இழுக்காகும்.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2010-ம் வருஷம் முதல், தொலைபேசி மூலம் வியாபாரம் செய்யும் கடன் நிவாரணக் கம்பெனிகள் ஒரு கடனையாவது முடித்துக் கொடுப்பதற்கு முன் கட்டணம் வாங்கக் கூடாதென்று விதி இருக்கிறது. இங்கிலாந்தில் 2014 முதல் இத்தொழில் செய்வோர் நிதி ஒழுங்கு அதிகார சபையின் அனுமதி பெற்றாக வேண்டும். நம் நாட்டில் இத்தொழிலுக்கென்று தனிச் சட்டமில்லை. எவனும் இன்று பலகை மாட்டி நாளை கடிதம் அனுப்பலாம். எச்சரிக்கை அறிக்கைகளால் மட்டும் இது தீராது. காரியம் முடியுமுன் கட்டணம் வாங்கலாகாது, தவணையை நிறுத்தும்படி தூண்டலாகாது, விளைவுகளைக் கடன்காரரின் தாய்பாஷையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற மூன்று விதிகளையாவது உடனே இயற்ற வேண்டுமென்பது நம் கோரிக்கை.

சட்டம் வரும்வரை தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊரிலும் வாசகசாலையிலோ சங்கக் கட்டிடத்திலோ வாரத்தில் ஒரு மாலை, விவரமறிந்த இருவர் உட்கார்ந்து, வந்த கடிதங்களை வாசித்து விளக்கட்டும். ஓய்வு பெற்ற பாங்கி உத்தியோகஸ்தர்களும் இளம் வக்கீல்களும் இதற்கு முன்வருவார்கள் என்று நம்புகிறோம். கடன்பட்டவனைக் குற்றவாளியைப்போல் நடத்தாமல், அவன் வாய்விட்டுப் பேசும்படி அருகே உட்கார்த்திக் கேட்டாலே பாதிக் காரியம் முடிந்தது. தனியே நடுங்குகிறவனைத்தான் இக்கடிதங்கள் பிடிக்கின்றன. அவனுக்கு ஊரில் ஒரு துணை உண்டென்று தெரிந்துவிட்டால், கடிதம் எழுதுகிறவன் வேறு தொழில் தேட வேண்டியதுதான்.