மூக்கால் குடிக்கும் தேநீர்

“கிராம்பு போட மறந்துட்டியாப்பா? வெறும் சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கே!”

2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, என் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் மறக்கவில்லை. கிராம்பு, பட்டை, சுக்கு, உலர்ந்த ஆரஞ்சுத் தோல், செம்பருத்தி இதழ் எல்லாவற்றையும் என் கையாலேயே போட்டிருந்தேன். அதே பாத்திரத்திலிருந்து ஊற்றிய என் தம்ளரில் மணம் கமகமவென்று எழுந்துகொண்டிருந்தது.

“இனிப்பு இருக்காம்மா?” என்றேன்.

“இருக்கு.”

“புளிப்பு?”

“அதுவும் இருக்கு. சுக்குகூட நாக்குல உறைக்குது. ஆனா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

மாணவ நண்பர்களே, இது விந்தையாக இல்லையா? இனிப்பு இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, உறைப்பும் இருக்கிறது. அப்படியிருந்தும் “ஒன்றுமே இல்லை”! அப்படியானால் அந்தத் தம்ளரில் என் தாயாருக்குக் கிடைக்காமல் போனது எது? இந்தப் புதிருக்கு விடை காண நமக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பாத்திரமும் ஒரு தட்டும் போதும்.

தேயிலை இல்லாத தேநீர்

முதலில் பானத்தைத் தயாரிப்போம். அடுப்பு வேலைக்கு வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தம்ளர் தண்ணீர், இரண்டு கிராம்பு, விரல்நுனி அளவு பட்டை, இடித்த சுக்குத் துண்டு ஒன்று, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் சிறிது, நான்கைந்து செம்பருத்தி இதழ்கள், அரை மூடி எலுமிச்சம்பழத்தின் சாறு, மூன்று தேக்கரண்டி சர்க்கரை. வெல்லம் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெல்லத்துக்கென்று ஒரு மணம் உண்டு. அது நம் சோதனையைக் குழப்பிவிடும்.

இதைத் தேநீர் என்று அழைப்பது ஒரு வழக்கத்துக்காகத்தான். இதில் தேயிலை ஒரு துளியும் இல்லை. சூடானிலும் எகிப்திலும் நம் புளிச்சைச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த புல்லிவட்டத்தை ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அதற்குக் ‘கர்க்கடே’ என்று பெயர். நம் வீட்டுச் சுக்கு மல்லி நீரும் இதே குடும்பம்தான்.

தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் போடுங்கள். செம்பருத்தி இதழிலிருந்து நிறம் இழை இழையாகப் பிரிந்து பரவுவதைக் காண்பீர்கள். இதற்கு ‘விரவல்’ என்று பெயர். செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவுகின்றன. சூடு கூடினால் மூலக்கூறுகளின் வேகமும் கூடும். ஓர் இதழைக் குளிர்ந்த நீரிலும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சுக்கை ஏன் இடித்தோம்? இடித்தால் நீர்படும் பரப்பு கூடுகிறது. உள்ளிருக்கும் பொருள் வெளிவரக் கடக்கவேண்டிய தொலைவும் குறைகிறது.

தட்டு சொல்லும் உண்மை

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பாத்திரத்தை ஓர் எவர்சில்வர் தட்டால் மூடுங்கள். தட்டின் மேல் சிறிது குளிர்ந்த நீரை ஊற்றி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அந்த நீரைத் துடைத்துவிட்டுத் தட்டை மெதுவாக எடுங்கள். அதன் அடிப்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள் நிற்கும். அவற்றைச் சாய்த்து ஒரு சுத்தமான கரண்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் நிறம் என்ன? நிறமே இல்லை. முகர்ந்து பாருங்கள். கிராம்பும் பட்டையும் ஆரஞ்சும் மணக்கும். இப்போது நாக்கில் விடுங்கள். இனிப்பு இல்லை, புளிப்பு இல்லை, சுக்கின் உறைப்பும் இல்லை!

நடந்தது என்ன? சர்க்கரையும், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும், செம்பருத்தியின் நிறப்பொருளும், சுக்கின் உறைப்புப் பொருளும் இந்தச் சூட்டில் ஆவியாவதில்லை. அவை பாத்திரத்திலேயே தங்கிவிட்டன. மணப்பொருள்கள் மட்டும் நீராவியோடு சேர்ந்து எழுந்து, குளிர்ந்த தட்டில் பட்டுச் சுருங்கி நீர்த்துளிகளாயின. கடையில் விற்கும் பன்னீரையும் ஓமத் திராவகத்தையும் இதே தத்துவப்படிதான் வடிக்கிறார்கள். நீங்களும் உங்களை அறியாமலே ஒரு வாலையை அமைத்துவிட்டீர்கள்!

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் குறுக்கிடலாம். “ஐயா, ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனின் கொதிநிலை சுமார் 176° செ.; பட்டையின் சின்னமால்டிஹைடுக்குச் சுமார் 250° செ.; கிராம்பின் யூஜினாலுக்குச் சுமார் 254° செ. இந்தப் பாத்திரத்தின் சூடோ 100 டிகிரிக்கும் குறைவு. பிறகு அவை எப்படி ஆவியாயின?”

நல்ல கேள்வி. நீரின் கொதிநிலை 100° செ. ஆயினும் கொடியில் போட்ட ஈரத்துணி 30 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறது அல்லவா? கொதித்தல் வேறு, ஆவியாதல் வேறு. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து எந்த வெப்பநிலையிலும் சில மூலக்கூறுகள் தப்பிச் சென்றுகொண்டே இருக்கும். சூடு கூடினால் தப்பிச் செல்பவையும் கூடும். ஆறிப்போன தம்ளரைவிடச் சூடான தம்ளர் கமகமப்பதற்கு இதுவே காரணம். தப்பி வருபவை மிகச் சிலவே. அந்தச் சிலவற்றையும் பிடித்துவிடும் அளவுக்கு நம் மூக்கு நுட்பமானது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்

மணத்தை மட்டும் தனியே பிரித்துவிட்டோம். இனி சுவையை மட்டும் தனியே பிரிப்போம். பானத்தை வடிகட்டி, வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் பருகுங்கள். என்ன தெரிகிறது? இனிப்பு, புளிப்பு, தோலின் இலேசான கசப்பு, சுக்கின் உறைப்பு. அவ்வளவுதான். கிராம்பு எங்கே? பட்டை எங்கே?

விழுங்கியவுடன் விரலை எடுத்து, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஆ! பூட்டிய அறையைத் திறந்தாற்போல எல்லா மணமும் ஒருசேர வந்து சேரும்.

மூக்கின் உட்புறத்தில், மேற்கூரைப் பகுதியில், தபால்தலை அளவே உள்ள ஒரு சிறு பரப்பில்தான் மணத்தை உணரும் நரம்பணுக்கள் உள்ளன. அந்த இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முகரும்போது மூக்குத் துவாரம் வழியே செல்வது, இது முன்வாசல். மற்றொன்று, வாயில் உள்ள உணவின் மணம் தொண்டையின் பின்புறமாக ஏறிச் செல்வது. இது கொல்லைப்புற வழி. மூக்கைப் பிடித்தால் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. கொல்லைப்புற வழியும் அடைபட்டுவிடுகிறது. அந்த வழியாக வரும் மணத்தை மூளை ‘வாயில் ஏற்பட்ட சுவை’ என்றே கணக்கில் எழுதிக்கொள்கிறது. நாம் ஏமாறுவது இங்கேதான்.

மணங்களை அறிய மனிதனுக்குச் சுமார் 400 வகை ஏற்பிகள் உள்ளன. இந்த ஏற்பிக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவர். இதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். கிராம்பின் மணம் ஒரே ஏற்பியைத் தட்டுவதில்லை. பலவற்றை வெவ்வேறு அளவில் தட்டுகிறது. ஆர்மோனியத்தில் பல கட்டைகளைச் சேர்த்து அழுத்துவதைப் போன்றது இது. சில நூறு கட்டைகளைக் கொண்டு எண்ணற்ற மணங்களை வேறுபடுத்த முடிவது இதனால்தான்.

நாக்கின் பங்கு என்ன?

நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் அறிபவை ஐந்தே சுவைகள்: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. கடைசியாகச் சொன்னது காளான், தக்காளி போன்றவற்றில் உணரப்படும் சுவை. 1908-இல் ஜப்பானிய வேதியியலறிஞர் கிகுனே இகேடா அதற்குப் பெயரிட்டார்.

“நம் முன்னோர் அறுசுவை என்றார்களே, கார்ப்பும் துவர்ப்பும் எங்கே போயின?” என்று கேட்பீர்கள். அவையும் வாயில் தோன்றும் உணர்வுகளே. ஆனால் சுவை மொட்டுகளின் வேலையால் தோன்றுபவை அல்ல. துவர்ப்பு ஏறக்குறைய ஒரு தொடு உணர்வு. தோல், பட்டை இவற்றிலுள்ள பொருள்கள் உமிழ்நீரின் வழவழப்பான புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் உலர்ந்து சுருங்கினாற்போல் தோன்றுகிறது.

கார்ப்பு இன்னும் சுவையானது. சூட்டினால் சுடும் வலியை உணர்த்தும் நரம்பு முனைகளில் ஒரு வகை ஏற்பி உண்டு. சுமார் 43° செல்சியசுக்கு மேல் சூடுபட்டால் அது விழித்துக்கொள்ளும். மிளகாயிலும் இஞ்சியிலும் உள்ள உறைப்புப் பொருள்கள் பட்டாலும் விழித்துக்கொள்ளும். எனவேதான் உறைப்பை ‘எரிகிறது’ என்கிறோம். அது வெறும் உவமை அன்று! 1997-இல் டேவிட் ஜூலியசின் குழு இந்த ஏற்பியைக் கண்டறிந்தது. 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சராலில் ஒரு பகுதி, நீர் மூலக்கூறை இழந்து ஷோகாவோல் என்ற கூடுதல் உறைப்புள்ள பொருளாக மாறுகிறது. பானத்தைச் சூடாக ஒரு வாயும், நன்றாக ஆறியபின் ஒரு வாயும் பருகிப் பாருங்கள். சூட்டில் உறைப்பு மிகுதி. சூடும் சுக்கும் ஒரே மணியை அடிக்கின்றன.

இன்னொரு செய்தி. நாக்கின் நுனி இனிப்புக்கு, ஓரம் புளிப்புக்கு, அடிப்பகுதி கசப்புக்கு என்று பங்கு பிரித்த படத்தைச் சில நூல்களில் பார்த்திருப்பீர்கள். அதை நம்பவேண்டாம். 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் கண்டது மிகச் சிறிய வேறுபாடுகளையே. பின்னர் 1942-இல் வெளிவந்த எட்வின் போரிங்கின் நூலில் அது வரையப்பட்ட விதம், பெரிய வேறுபாடு இருப்பதாக எண்ணவைத்துவிட்டது. 1974-இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் அளந்து, வேறுபாடு சிறிதே என்று காட்டினார். சந்தேகமிருந்தால் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றை நாக்கின் நுனியில் வைத்துப் பாருங்கள்!

ஆற்றலாமா? உறிஞ்சலாமா?

தேயிலையின் தரம் பார்ப்பவர்கள் கரண்டியிலிருந்து தேநீரை ‘சர்’ரென்று ஓசையுடன் உறிஞ்சுவார்கள். வேகமாக உள்ளே வரும் காற்று தேநீரைச் சிறு திவலைகளாகச் சிதறடிக்கிறது. பரப்பு பெருகுகிறது, மணம் எளிதில் ஆவியாகிக் கொல்லைப்புற வழியே ஏறுகிறது. விருந்தில் செய்தால் பெரியவர்கள் கோபிப்பார்கள். வீட்டில் ஒரு முறை செய்து பாருங்கள்.

டபராவில் ஆற்றும்போதும் பரப்பு பெருகி, ஆவியாதலால் பானம் விரைவில் குளிர்கிறது. ஆனால் மணத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடுகிறது. மணம் போகிறதே என்று கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் தவறு. 65° செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியது. மூடி வைத்து ஆறவிடுவதே நல்ல வழி.

புதிரின் விடை

என் தாயாருக்கு என்ன நேர்ந்தது என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். அவர் நாக்கில் குறையில்லை; உறைப்பை அறியும் நரம்பிலும் குறையில்லை. மணம் அறியும் ஆற்றல்தான் போயிருந்தது. முந்தின வாரம் வந்த காய்ச்சல் கொரோனாவாக இருந்தது. அந்நோய் கண்ட பலருக்கு அவ்வாண்டில் இப்படி நேர்ந்தது.

‘மணம்தானே, போகட்டும்’ என்று நானும் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அடுப்பில் பால் பொங்கி வழிந்து, சுடர் அணைந்து, எரிவாயு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரியவேயில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு அந்த நாற்றம் எட்டியது. சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை மணி அவருக்கு மட்டும் கேட்கவில்லை! ஓடிப்போய்ச் சன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடினேன். அன்று முதல் அவர் அடுப்படியில் தனியே இருக்க விட்டதில்லை.

மருத்துவரின் யோசனைப்படி அவர் மணப்பயிற்சி செய்தார். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மலும் உடனிருந்தோரும் 2009-இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு வாரம் கவனத்துடன் முகரவேண்டும். பயின்றவர்களில் எல்லாருக்கும் பலன் கிட்டவில்லை. ஒரு பகுதியினருக்குக் கிட்டியது. நான்கில் இரண்டு நம் தம்ளரிலேயே இருக்கின்றன, பார்த்தீர்களா?

மூன்று மாதம் சென்றது. ஒரு மாலை தம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். “இன்னிக்குக் கிராம்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டே” என்றார். பயிற்சியால் வந்ததா, தானே திரும்பியதா என்று ஒருவரை மட்டும் வைத்து அறிவியல் முடிவு கட்டாது. ஆனால் அந்தக் குறையைக் கேட்டு நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ “சாப்பாட்டில் சுவையே இல்லை” என்று சொன்னால், சமைத்தவரையும் குறை சொல்லவேண்டாம், அவரையும் குறை சொல்லவேண்டாம். ஒரு கிராம்பை நுணுக்கி, கண்ணை மூடச் சொல்லி, மூக்கருகே காட்டுங்கள். அது என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.