75 ஆண்டுகளுக்குக் குத்தகை போன வீதியோரம்

வாகனத் தரிப்பிடக் கட்டணமானி உலகில் முதன்முதலாக நாட்டப்பட்டது 1935 ஜூலையில், அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில். மணிக்கு 5 சதம். கடைவாசல்களை நாள் முழுதும் அடைத்து நின்ற வாகனங்களை நகர்த்துவதே நோக்கம். வருமான ஆசை பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த ஆசையின் உச்சத்தைச் சிக்காகோவில் காணலாம். அம்மாநகரில் சுமார் 36,000 மானிகள் இருந்தன. பெரும்பாலும் நாணயக் குற்றிகளையே ஏற்கும் பழைய பொறிகள். குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் மணிக்கு 25 சதமே அறவிடப்பட்டது. அவை புதுப்பிக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்போதைய மேயர் றிச்சர்ட் டேலி தேர்ந்த வழி வேறு. மோர்கன் ஸ்ரான்லி தலைமையிலான முதலீட்டாளருக்கு, 75 ஆண்டு வருமானம் முழுவதையும் ஏறத்தாழ 115 கோடி டொலருக்குக் குத்தகையாகக் கொடுத்தார். பத்திரங்களைப் படிக்க மாநகர சபை உறுப்பினருக்குக் கிடைத்தவை ஓரிரு நாட்களே. 2008 டிசெம்பரில் 40க்கு 5 என்ற வாக்குகளால் ஒப்பந்தம் நிறைவேறிற்று.

மறு ஆண்டே 25 சதம் ஒரு டொலராயிற்று. நகர மத்தியில் இரண்டு மணி நேரம் நிற்க 28 கால் டொலர் குற்றிகள் வேண்டியிருந்தன. பழைய மானிகள் நிரம்பி அடைத்துக்கொண்டன. மக்கள் சினங்கொண்டு சிலவற்றை உடைத்தனர். பின்னர் சூரிய ஒளியில் இயங்கி, கடனட்டையை ஏற்கும் புதிய பெட்டிகள் வந்தன. பொறி என்ற அளவில் நல்ல பொறிதான். அதனை வாங்க 75 ஆண்டுகளை அடகு வைக்கத் தேவையில்லை. நகரத்துக்குக் கிடைத்த தொகை, உரிய பெறுமதியிலும் சுமார் 97 கோடி டொலர் குறைவென 2009 ஜூனில் மாநகரத் தலைமைப் பரிசோதகரின் அறிக்கை கூறிற்று. கிடைத்ததன் பெரும்பகுதியும் சில ஆண்டுகளில் வரவுசெலவுத் திட்டப் பள்ளங்களை நிரப்பக் கரைந்தது.

பணத்திலும் பெரிய இழப்பு அதிகாரம். வீதித் திருவிழாவுக்கோ செப்பனிடலுக்கோ தரிப்பிடங்களை மூடினால், ஒப்பந்த வரம்புகளுக்கு மேற்பட்ட நாட்களுக்கு மாநகரமே குத்தகையாளருக்கு நட்டஈடு செலுத்த வேண்டும். பேருந்துக்கோ துவிச்சக்கரவண்டிக்கோ தனிப்பாதை வகுக்கும் பொறியியலாளர், முதலில் எத்தனை மானிகள் இழக்கப்படும் என்றே எண்ண வேண்டியிருக்கிறது. தன் வீதியைத் தானே வாடகைக்கு எடுக்கும் நகரம்!

முதலீட்டாளர் போட்ட பணம் முழுவதும் ஏற்கெனவே திரும்பிவிட்டது. குத்தகை முடிவது 2084இல். 2013இல் அடுத்த மேயர் ராம் இமானுவேல் மறுபேச்சு நடத்தி, குடியிருப்புப் பகுதிகளில் ஞாயிறு தரிப்பை இலவசமாக்கினார். அதற்கு ஈடாகப் பல இடங்களில் கட்டண நேரம் இரவு 10 மணி வரை நீட்டப்பட்டது.