சுகாதாரப் பணமும் பினாங்கு சட்டமன்றமும்

ஜார்ஜ் டவுனில் ஒரு தெருவின் வடிகால் அடைத்துக்கொண்டு கொசு பெருகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அத்தெருவாசி யாரைப் போய்க் கேட்பது? தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சட்டமன்ற அங்கத்தினரைக் கேட்பதுதான் முறை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வடிகாலைத் தூர் எடுப்பது மாநகர் மன்றத்தின் வேலை. டெங்கு கண்ட வீட்டைச் சுற்றிப் புகையடிப்பதில் முன்நிற்பது மாவட்டச் சுகாதார அலுவலகம். அதுவோ கோலாலம்பூரிலுள்ள அமைச்சின் கிளை. காய்ச்சலோடு போய்ப் படுக்கும் மருத்துவமனையும் அவ்வமைச்சினுடையதே. ஒரே கொசுவின்மேல் மூன்று அதிகாரங்கள். மூன்றுக்கும் பணம் வேறு வேறு இடத்தில் ஒதுக்கப்படுகிறது.

இதன் மூலம் மலேசியக் கூட்டரசு அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. மருத்துவமனை, மருந்தகம், மருத்துவத் தொழில், தாய்சேய் நலம் ஆகியவை யாவும் அங்கே கூட்டரசுப் பட்டியலில் அடங்கியுள்ளன. பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த் தடுப்பு ஆகியவை இரு சாராருக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. நிலமும் உள்ளூராட்சியும் மாநிலத்துக்குரியவை. பொதுப்பட்டியல் விஷயத்தில் மாநிலச் சட்டமும் கூட்டரசுச் சட்டமும் முரண்படுமானால், கூட்டரசுச் சட்டமே நிற்கும்.

இதன் விளைவை எண்களில் பார்த்தால் தெளிவாகும். 2025ஆம் ஆண்டுக்குச் சுகாதார அமைச்சுக்கென நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 4,530 கோடி ரிங்கிட். பினாங்கு மாநிலம் தன் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஓர் ஆண்டில் செலவிடத் திட்டமிடும் தொகையோ அண்மை ஆண்டுகளில் 100 கோடி ரிங்கிட்டை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. ரெசிடென்சி சாலையில் உள்ள பினாங்கு மருத்துவமனையின் தாதியர் சம்பளமும் மருந்துச் செலவும் லைட் தெருவிலுள்ள சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வருவதேயில்லை.

அவ்வாறாயின் சட்டமன்றத்துக்குச் சுகாதாரத்தில் வேலையே இல்லையா என்றால், அப்படியும் அன்று. புதிய மருத்துவ நிலையம் கட்டப் பணம் தருவது கூட்டரசு. அதற்கு நிலம் தர வேண்டியது மாநிலம். குடிநீர், வடிகால், ஏழைகளுக்கான உதவித் தொகை, குடியிருப்புகளின் நிலை ஆகியவற்றிலும் மாநிலத்தின் கை இருக்கிறது. நோய் வருமுன் நிற்கும் செலவுகளில் கணிசமான பகுதி இங்கேதான் முடிவாகிறது எனலாம்.

மாநில வரவு செலவுத் திட்டம் நிறைவேறும் முறையைச் சற்று விளக்க வேண்டும். முதலில் ஒவ்வோர் இலாகாவும் அடுத்த ஆண்டுக்குத் தனக்கு வேண்டியதை எழுதி மாநில நிதி அதிகாரிக்கு அனுப்புகிறது. கேட்டதெல்லாம் கிடைப்பதில்லை. மாநிலத்தின் சொந்த வருமானத்தில் பெரும்பங்கு நிலத்திலிருந்து வருவது. அத்துடன் மக்கள் தொகையைக் கணக்கிட்டும், சாலைகளைக் கணக்கிட்டும் கூட்டரசு மானியம் தருகிறது. இதற்குள் அடங்குமாறு வெட்டியும் ஒட்டியும் முதலமைச்சர் தலைமையிலான ஆட்சிக்குழு திட்டத்தை உருவாக்குகிறது. பேரம் என்று சொல்லத்தக்கது பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே, மூடிய அறையில், முடிந்துவிடுகிறது. அங்கத்தினர்கள் தம் தொகுதிக்கு வேண்டியதை இதற்கு முன்பே ஆட்சிக்குழுவின் காதில் போட்டு வைத்தால்தான் பயன். சபையில் முழங்குவது பத்திரிகைக்கு உதவும். கணக்குக்கு உதவுவது அரிது.

பின்னர் ஆண்டின் இறுதிப் பகுதியில் விநியோக மசோதா சபைக்கு வருகிறது. முதல் வாசிப்பு வெறும் சடங்கு. இரண்டாம் வாசிப்பில் முதலமைச்சர் உரையாற்ற, அங்கத்தினர்கள் நாட்கணக்கில் விவாதிக்கின்றனர். வடிகால், டெங்கு, மருத்துவமனையில் கார் நிறுத்த இடமின்மை எல்லாம் பேசப்படுவது இப்பொழுதுதான். அடுத்துச் சபை முழுவதும் குழுவாக மாறி ஒவ்வொரு தலைப்பாகத் தொகையைப் பரிசீலிக்கிறது. மூன்றாம் வாசிப்பு நிறைவேறி, ஆளுநரின் இசைவு கிடைத்து, அரசிதழில் வெளிவந்ததும் அது சட்டமாகிறது. ஆண்டு நடுவில் பணம் போதாவிட்டால் துணை மசோதா கொண்டுவர வேண்டும்.

இங்கே ஒரு விதியை மறக்கலாகாது. அரசுப் பணத்தைச் செலவழிக்கச் செய்யும் மசோதாவையோ திருத்தத்தையோ ஆட்சிக்குழு அங்கத்தினரைத் தவிர வேறு எவரும் கொண்டுவர முடியாது என அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை கூறுகிறது. ஆகவே கொசு ஒழிப்புக்கு இன்னும் பத்து இலட்சம் சேர்க்க வேண்டும் என்று ஒரு சாதாரண அங்கத்தினர் திருத்தம் கொடுக்க இயலாது. குறைக்கச் சொல்லலாம்; கூட்டச் சொல்ல வழியில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இந்திய அரசியல் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. அதற்கு முன்பே, 1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில், சுகாதாரம் இந்திய மந்திரிகளிடம் ஒப்படைக்கப்பட்ட இலாகாக்களில் ஒன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச்சட்டம் இயற்றியதும் சென்னை மாகாணமே, ஆண்டு 1939. இன்றும் சென்னைச் சட்டப்பேரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கெனத் தனி மானியக் கோரிக்கை வருகிறது; மருத்துவர் சம்பளம் முதல் மாத்திரை வரை அதில் அடங்கும். அங்கும் உறுப்பினர் தொகையைக் கூட்ட முடியாது. ஆனால் வெட்டுத் தீர்மானம் என்றொரு கருவி உண்டு. கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஒருவர் பிரேரிப்பார். நூறு ரூபாய் யாருக்கு வேண்டும்? ஒரு குறிப்பிட்ட குறையைப் பேசுவதற்கு அது ஒரு வாயில்.

கணக்கை உண்மையிலேயே மாற்ற வைக்கும் பலம் பெரும்பான்மையின் மெலிவில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் இறுதியில், கொரோனாக் காலத்தில், மலேசிய நாடாளுமன்றத்தில் இது நன்கு விளங்கிற்று. அரசாங்கத்துக்கு விரல்விட்டு எண்ணும் பெரும்பான்மையே இருந்தது. விவாதத்தின் நடுவே நிதி அமைச்சர் இறங்கி வந்தார். அரசாங்கப் பிரசாரப் பிரிவொன்றுக்கு ஒதுக்கிய 8 கோடியே 55 இலட்சம் ரிங்கிட் 4 கோடியே 5 இலட்சமாகக் குறைந்தது. நோயோடு போராடிய முன்னணிப் பணியாளர்களுக்கான உதவித்தொகை மேலும் பலருக்கு விரிந்தது. டிசம்பர் 15ஆம் நாள் மூன்றாம் வாசிப்பு 111க்கு 108 என்ற வாக்கில் தேறியது. 40 இடங்கள் கொண்ட பினாங்குச் சட்டமன்றத்தில் 2008 முதல் ஆளுங்கூட்டணிகள் பெரும் பலத்துடன் அமர்ந்திருப்பதால், அத்தகைய காட்சிக்கு அங்கு இடம் ஏற்படவில்லை.

இனி மாநகர் மன்றத்துக்கு வருவோம். தெருவாசிக்கு மிக அருகிலுள்ள சுகாதாரப் பணம் அதனுடையது. வீட்டு உரிமையாளர் கட்டும் மதிப்பீட்டு வரியே அதன் முதுகெலும்பு. திடக்கழிவு பற்றிய 2007ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்காததால், குப்பை அள்ளும் பொறுப்பும் மன்றத்திடமே நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பணத்துக்கு மக்களின் வாக்கு நேரடியாகக் காவலிருந்தது. மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. 1957 ஜனவரி முதல் நாள் அது மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், ஆசிரியராக இருந்தவர். தண்ணீர், மின்சாரம், பஸ், துப்புரவு யாவற்றையும் அம்மன்றம் தானே நடத்தியது.

இந்தோனேசியாவுடன் தகராறு மூண்டிருந்த 1965இல் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மாநகர் மன்றத்தின் அதிகாரங்கள் மாநில அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. இது பற்றி ஆராய அமர்த்தப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு தமிழரே: செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் மீண்டும் வேண்டும் என்றே அக்குழு பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்குச் சட்டமன்றம் 2012இல் தனிச்சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடந்தரவில்லை.

ஆகையால் இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கமே நியமிக்கிறது. மன்றம் தயாரிக்கும் ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் தருவதும் அதே அரசாங்கந்தான். சட்டமன்றத்தில் அக்கணக்கு தலைப்புத் தலைப்பாக வாக்குக்கு விடப்படுவதில்லை. வடிகால் அடைத்த தெருவின் சட்டமன்ற அங்கத்தினர் கேள்வி நேரத்தில் எழுந்து, எத்தனை தடவை தூர் எடுக்கப்பட்டது, என்ன செலவாயிற்று என்று கேட்கலாம்; ஆட்சிக்குழுவில் உள்ளூராட்சியைக் கவனிப்பவர் பதில் சொல்ல வேண்டும்.