எலிபெண்டா படகில் ஏறும் முன்...



மும்பைக்குச் சுற்றுலா போனால் எலிபெண்டா தீவைப் பார்க்காமல் வர மனசு வராது. 1924-ல் திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியா வளைவின் அருகே படகு ஏறணும். துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே சுமார் 1 மணி நேரத்தில் போய்விடலாம். பாறையைக் குடைந்த சிவன் கோயில் அங்கே உள்ளது. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை.

2024 டிசம்பர் 18 அன்று, கடற்படையின் வேகப்படகு மோதி எலிபெண்டா போன பயணிகள் படகு கவிழ்ந்தது. 15 பேர் இறந்தார்கள். பயணிகள் பலர் லைஃப் ஜாக்கெட் போடவில்லை. அதன்பின் அங்கே அது கட்டாயமானது.

அது எப்படிக் காப்பாத்தும்? உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு மிதந்து, நம் தலையைத் தண்ணிக்கு மேலே நிறுத்தும். நீச்சல் தெரியாதவரும் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். வாரை இறுக்கிக் கட்டணும். தளர்ந்திருந்தால் நாம் நழுவிடுவோம். பிள்ளைகளுக்குச் சின்ன அளவு கேட்டு வாங்குங்க. வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும்.

"சேலை கசங்குமே" என்று கூச்சம் வேண்டாம். கேட்டு வாங்கிப் போடுவோம். இல்லை என்றால் அடுத்த படகில் போவோம்!