உங்கள் காணிக்கை எங்கே நிற்கிறது?

பிள்ளைகள் வார்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதற்காக ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் காணிக்கை அனுப்பியிருந்தது. ஐந்து மாதம் கழித்து, "தொட்டி கட்டியாயிற்றா?" என்று அன்பாகக் கேட்டு எழுதினார்கள். அப்போதுதான் விசாரித்தோம். பணம் வங்கியில் பத்திரமாக இருந்தது. கொத்தனார் கொடுத்த மதிப்பீடு ஒரு ஃபைலுக்குள் கிடந்தது. பராமரிப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று அலுவலகம் இருந்துவிட்டது. அலுவலகம் சொல்லட்டும் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள். அத்தனை நாளும் தாய்மார் வெளிக்குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டு எழுதினோம்.

அதன்பின் நாங்கள் கைக்கொண்ட ஏற்பாட்டை உங்களுக்கு விளக்க விரும்புகிறோம். அது கணினியில் தெரியும் ஒரு பலகை. பெயர் ட்ரெல்லோ. 2011-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. 2017-ல் அட்லாசியன் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் அதை வாங்கியது. சிறிய அளவில் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு காசும் இதற்குச் செலவாகவில்லை. இதன் மூலக் கருத்து இன்னும் பழையது. டொயோட்டா கார் தொழிற்சாலையில் டைச்சி ஓனோ என்பவர் வளர்த்த அட்டை முறைக்குக் 'கான்பான்' என்று பெயர். ஜப்பானிய மொழியில் அதற்கு அறிவிப்புப் பலகை என்று பொருள்.

பலகையில் நான்கு பத்திகள் வைத்திருக்கிறோம்: செய்ய வேண்டியவை, நடப்பவை, காத்திருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு காணிக்கைக்கும் ஓர் அட்டை. அதில் பொறுப்பாளர் பெயர், முடிக்க வேண்டிய தேதி, செய்ய வேண்டிய சிறு வேலைகள், பில்லின் படம் எல்லாம் இருக்கும். வேலை நகர நகர, அட்டையை அடுத்த பத்திக்கு இழுத்து வைக்கிறோம். ஓர் அட்டைக்குப் பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே. இருவர் பெயரைப் போட்டால் பழைய கதைதான்!

எங்களுக்கு அதிகம் உதவுவது 'காத்திருப்பவை' பத்திதான். யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அதில் எழுதியே ஆகவேண்டும். எக்ஸ்ரே அறைக்கு உரிமம் வரவில்லை என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். அட்டையில் எழுத உட்கார்ந்தபோதுதான், அறையின் வரைபடத்தை நாங்களே இன்னும் அனுப்பவில்லை என்று தெரிந்தது.

கணினிப் பலகையைக் கண்டு மேட்ரன் அம்மா சிரித்தார்கள். "வார்டில் சாக்பீஸால் எழுதிவைத்த கரும்பலகைதானே இது?" என்றார்கள். உண்மைதான். ஆனால் இதை வெளிக்கிராமத்துக் கிளினிக்கிலிருந்தும் பார்க்க முடிகிறது. பார்க்காவிட்டால் பயன் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். முதல் மாதம் பலர் எட்டியே பார்க்கவில்லை. இப்போது திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும், எல்லாரும் கூடி கால் மணி நேரம் அதைப் பார்க்கிறோம். நோயாளிகளின் பெயரையோ வியாதியையோ எந்த அட்டையிலும் எழுதுவதில்லை.

தொட்டி கட்டியாயிற்று, தண்ணீரும் வருகிறது. ஆனாலும் அந்த அட்டை 'முடிந்தவை' பத்திக்கு உடனே போகவில்லை. புகைப்படமும் நன்றிக் கடிதமும் அந்தச் சகோதரிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அதை நகர்த்தினோம். எல்லாக் காணிக்கைகளுக்கும் இதுவே ஒழுங்கு.

உங்கள் காணிக்கையைக் குறித்து அறிய விரும்பினால், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். அட்டையின் தலைப்பில் அந்த எண்தான் இருக்கிறது. எக்ஸ்ரே அறையின் உரிமத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இப்போது அனுப்பிவிட்டோம்.